வாலுக்குப் பின்னால் யாரும் இல்லை

அண்ணி நன்றாக ஓடுவாள். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வாரத்தில் ஐந்து நாள், தெருவிளக்கு அணைவதற்குள் ஷூ நாடாவில் இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். தூறல் போட்டால் தொப்பி, குளிரடித்தால் கையுறை. எதுவும் அவளை நிறுத்தியதில்லை. அவளை நிறுத்துகிற நாள் ஒன்றே ஒன்றுதான். பந்தய நாள்.

அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவளை ஓட்டக் குழுவில் சேர்த்துவிட்டவள் அவளுடைய நாத்தனார். அவள் வார்த்தைக்கு வார்த்தை அண்ணி, அண்ணி என்று கூப்பிட, அதையே பிடித்துக்கொண்டு குழுவே அண்ணி என்றது. பேரன் பேத்தி எடுத்த ஓய்வுபெற்ற இன்ஜினீயர்கூட அண்ணி என்றுதான் கூப்பிட்டார். அவருக்கு அவள் மகள் வயது.

அந்த நாத்தனாருக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர் குட்டி. உயரம் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. வாசல் நிலையில் குனிந்து வருகிற குட்டி. கூரியர் கம்பெனியில் வேலை. வந்து குவிகிற பார்சல்களை எந்த வண்டியில் எந்தத் தெருவுக்கு என்று பிரித்து அனுப்ப வேண்டும். அந்தப் பழக்கத்தில் மனிதர்களையும் அவள் பார்சலாகத்தான் பார்ப்பாள். இவர் எங்கே போய்ச் சேர வேண்டியவர், ஏன் இன்னும் சேரவில்லை என்பதுதான் அவளுக்குக் கவலை. குழு நடத்தும் பந்தயங்களுக்கு ஆட்களை வேலை பிரித்து நிறுத்துவதும் அவள்தான். அவள் கைக்கு வந்து இன்னும் போய்ச் சேராத ஒரே பார்சல், சொந்த அண்ணன் மனைவி.

முதல் தடவை, கணுக்கால் பிசகிவிட்டது என்றாள் அண்ணி. சரி, நம்பலாம். அடுத்த தடவை வேலையிடத்தில் அவசரம். ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில் சலவைப் பிரிவு இருக்கிறது. அண்ணி அங்கே சூப்பர்வைசர். படுக்கை விரிப்புகளை இழுத்துக் காயவைத்துத் தேய்த்துத் தரும் உருளை மெஷின் சூடாகவில்லை என்று பந்தயத்தன்று காலையில் போன் வந்ததாம். பிறகு விசாரித்ததில், மெஷின் ஜோராகத்தான் ஓடியிருக்கிறது. இவளே போன் போட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா, நான் வேண்டுமானால் வரட்டுமா என்று இரண்டு முறை கேட்டிருக்கிறாள்.

இன்னொரு தடவை மைதானம்வரை வந்துவிட்டாள். நெஞ்சில் எண் குத்திக்கொண்டு, நாடாவை முடிந்துகொண்டு, கடைசியாக ஒருமுறை கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனாள். அங்கே நீண்ட வரிசை. அவள் வெளியே வந்தபோது பந்தயம் கிளம்பிப் போய், மைதானத்தில் காலிப் பாட்டில்கள்தான் உருண்டன. வரிசையில் நின்ற ஒரு பெண் மறுநாள் குட்டியிடம் நன்றி சொன்னாளாம். "உங்க அண்ணி ரொம்பத் தங்கமானவங்க. பின்னாடி வந்த எல்லாரையும் முன்னாடி விட்டாங்க."

குட்டி அதற்கெல்லாம் கோபப்படவில்லை. சில பேருக்குப் பயிற்சிதான் பிடிக்கும், பந்தயம் பிடிக்காது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானத்தை உடைத்தவர் அவளுடைய அண்ணன்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவாகத் தெரிகிறதா, அதுவா என்று நாள் முழுக்கக் கேட்கிற மனிதர். பொய் சொல்ல வராது. ஒரு சனிக்கிழமை மாலை குட்டி வீட்டுக்கு வந்து, போன வாரப் பந்தயத்தையும் அண்ணி கோட்டை விட்டுவிட்டாளே என்று புலம்பிக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி ஆறுதல் சொன்னார்.

"அதுக்கு ஏன் வருத்தப்படற? நாளைக்கு அவ அதே தூரம் ஓடிடுவா."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

குட்டி அண்ணனைப் பார்த்தாள். அவர் அடுப்படியைப் பார்த்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் மீதியும் வந்துவிட்டது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி அதே பாதையில், அதே வளைவுகளில், அதே தூரத்தைத் தனியாக ஓடி முடிப்பாள். இவர் ஸ்கூட்டரில் தண்ணீர்ப் பாட்டிலோடு அங்கங்கே போய் நிற்பார். சிக்னலில் சிவப்பு விழுந்தால் அவள் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருப்பாளாம். இதுவரை ஒருமுறைகூடப் பாதியில் நின்றதில்லை.

குட்டிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரே கூடி ஓடுகிற நாளில் வீட்டில் உட்கார்ந்துவிட்டு, ஊர் தூங்குகிற நாளில் ஒருத்தி ஓடுகிறாள் என்றால் அவளை என்ன செய்வது? நேராக அடுப்படிக்குப் போனாள்.

"கால்ல ஒண்ணும் இல்ல அண்ணி. வேற என்னமோ இருக்கு. சொல்லுங்க."

அண்ணி கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து மூடினாள். பிறகு சொன்னாள். குழுவில் சேர்வதற்கு முன்னால், யாருக்கும் சொல்லாமல் ஒரு பந்தயத்தில் ஓடியிருக்கிறாள். பழக்கம் போதாது. எல்லோரும் போய்ச் சேர்ந்து வெகு நேரம் கழித்துத்தான் மைதானத்துக்குள் நுழைந்தாள். அங்கே மைக் பிடித்திருந்தவர் நல்ல மனசோடுதான் சொன்னார், இதோ கடைசியாக ஒரு அக்கா வருகிறார், பாவம், அவருக்கு எல்லோரும் ஒரு கைதட்டல் கொடுங்கள் என்று. பழம் தின்றுகொண்டிருந்தவர்கள் தோலைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்கள்.

"திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல குட்டி. அந்தப் பாவம் இருக்கு பாரு, அதைத்தான் தாங்க முடியல. கோட்டுக்குப் பத்தடி இருக்கறப்பவே அப்படியே திரும்பி வெளிய போயிட்டேன்."

"கோட்டைத் தாண்டவே இல்லையா?"

"இல்ல."

இத்தனை வருட ஓட்டத்தில் அவள் ஒரு முடிவுக்கோட்டைக்கூடத் தாண்டியதில்லை. தாண்ட வேண்டும் என்று ஆசை இல்லாமல் இல்லை. தனியாக ஓடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்குள் வந்து, போன வாரம் கோடு போட்டிருந்த இடத்தைப் புல்லில் தேடிப் பார்ப்பாளாம். பெரும்பாலும் அழிந்திருக்கும்.

குட்டி அன்று அப்படியே கிளம்பிப் போய்விட்டாள். முகவரி தப்பிப்போன பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற முகம் அது. அடுத்த பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் ஒரு பையோடு வந்தாள். உள்ளே கிளிப்பச்சை நிறத்தில், கண்ணைக் கூசுகிற ஒரு கையில்லாச் சட்டை.

அதற்குக் குழுவில் வால் என்று பெயர். எந்த நெடுந்தூரப் பந்தயத்திலும் எல்லோருக்கும் பின்னால் ஒருவர் வர வேண்டும். வழியில் யாரும் விழுந்து கிடக்கவில்லை, யாரையும் விட்டுவிடவில்லை என்று பார்ப்பது அவர் வேலை. இத்தனை நாள் அந்த இன்ஜினீயர்தான் வாலாக வந்துகொண்டிருந்தார். அவருக்கு இப்போது முழங்காலில் அறுவை சிகிச்சை.

"கடைசியா வந்துடுவோமோன்னு பயமே வேண்டாம்," என்றாள் குட்டி. "கடைசியா வர்றதுதான் வேலை. யாரையாவது முந்தினீங்கன்னாத்தான் தப்பு."

அண்ணி சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். துணியைப் பார்த்தால் தடவிப் பார்ப்பது அவள் தொழில் பழக்கம். பாலியெஸ்டர், சூடு ஆகாது என்று முனகினாள். எனக்குப் பதிலாக வேறு யாரையாவது, என்று ஆரம்பித்தாள். குட்டி முடிக்க விடவில்லை. மற்றவர்கள் வராவிட்டால் ஒரு எண் குறையும், அவ்வளவுதான். வால் வராவிட்டால் எதுவும் நடக்காது. வால் தாண்டினால்தான் தண்ணீர் மேஜைகளை எடுப்பார்கள், தடுப்புகளை விலக்குவார்கள், சாலையைத் திறப்பார்கள். அண்ணி வீட்டில் உட்கார்ந்துகொண்டால் பொழுது சாயும்வரை ஊர் வண்டிகளெல்லாம் நிற்கும்.

"இந்தத் தடவையும் ஏமாத்தினீங்கன்னா, இனிமே உங்க கூட நான் ஓட வரமாட்டேன். வீட்டுக்கு வருவேன், சாப்பிடுவேன், அண்ணின்னும் கூப்பிடுவேன். ஓட மட்டும் வரமாட்டேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கண் விளையாடவில்லை. அண்ணிக்கு அது புரிந்தது.

பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை எதிர்பார்த்தபடியே தொண்டை கரகரத்தது. கணவர் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, தெளிவாக இருக்கிறது என்றார். பிறகு இடுப்பில் ஒரு பிடிப்பு வந்து, பிறகு அது முதுகுக்கு நகர்ந்து, படுத்ததும் காணாமல் போயிற்று. காலையில் எழுந்தவுடன் அவள் கை தானாகப் போனுக்குப் போனது. சலவைப் பிரிவில் உருளை மெஷினைப் பார்த்துக்கொள்கிறவள் எடுத்தாள். அண்ணி வாயைத் திறப்பதற்குள், மெஷின் சூடாக இருக்கிறது, துணி காய்கிறது, யாரும் லீவு இல்லை, நீங்கள் ஓடுங்கள் என்று ஒப்பித்துவிட்டு வைத்துவிட்டாள். குட்டி முதல் நாளே அங்கே போய் வேலையை முடித்திருந்தாள்.

ஆக, அண்ணி மைதானத்தில் நின்றாள். எல்லோருக்கும் பின்னால், கிளிப்பச்சையில்.

பந்தயம் அரை மாரத்தான். மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் ஓடியது கணக்கில் சேராது. விசில் ஊதியதும் கூட்டம் ஒரு பெருமூச்சு விட்டு நகர்ந்தது. முதல் வளைவுக்குள்ளேயே, அன்று முழுக்கத் தன் கண்முன்னால் இருக்கப் போகிற முதுகு எது என்று அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. அகலமான முதுகு. மேலே நரைத்த கிராப்பு.

அது டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அண்ணியின் கணவர்கூட அவரிடம் கற்றவர்தான். வாழ்க்கை முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று வைத்த பிரேக்கை மட்டுமே மிதித்துப் பழகியவர். டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். நடந்தால் போதும் என்றாராம். மாஸ்டர் பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டார்.

அவர் இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஓரமாக ஒதுங்கி, கையை நீட்டி, முந்திப் போகச் சொன்னார்.

"நான் முந்தக் கூடாது மாஸ்டர். உங்களுக்குப் பின்னாடி வர்றதுதான் என் டூட்டி."

"எனக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு வந்தாப் பிடிக்காதும்மா. இடைவெளி விட்டு வாங்க."

அண்ணி நாலடி தள்ளி ஓடினாள். அவர் திரும்பிப் பார்த்து, போதாது என்றார். இன்னும் நாலடி விட்டாள்.

முதல் தண்ணீர் மேஜை வந்தது. பச்சைச் சட்டையைக் கண்டதும் அங்கே நின்றவர்கள் பலமாகக் கைதட்டினார்கள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு தாண்டினாள். தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஒருவர் மேஜை விரிப்பை உதறுகிறார், ஒருத்தி கோப்பைகளை அடுக்குகிறாள், இன்னொருத்தி மேஜையின் காலை மடக்கிக்கொண்டே வீட்டுக்குப் போன் செய்கிறாள். யாருக்கும் அவள்மேல் பாவமும் இல்லை, ஒன்றும் இல்லை. வால் போய்விட்டது, கிளம்பலாம் என்ற சந்தோஷம்தான். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மேஜையில் அவளே கையை உயர்த்திக் காட்டினாள்.

அதன் பிறகு அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. அவள் தாண்டத் தாண்ட, பின்னால் தடுப்புகள் விலகின. வண்டிகள் உறுமிக்கொண்டு கிளம்பின. விரித்துப் போட்ட நீளமான விரிப்பை ஓரத்திலிருந்து மடித்துக்கொண்டே வருகிற மாதிரி, அவள் சாலையை மடித்துக்கொண்டு வந்தாள். ஓர் இடத்தில் நின்றிருந்த லாரிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, நீங்கள்தான் கடைசியா என்று கேட்டார். ஆமாம், நான்தான் கடைசி என்று உரக்கச் சொன்னாள். அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று அவள் நினைக்கவே இல்லை.

மாஸ்டர் பாடுதான் திண்டாட்டம். பாதி தூரம் வந்தபோது முகம் செம்பு நிறமாகிவிட்டது. முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் பின்னால் ஊர்ந்து வந்தது. அவர் அதைப் பார்த்தார். நின்றார். கை காட்டினார். வேன் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கியது. டிரைவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, மரியாதையாக வணக்கம் வைத்தான். மாஸ்டர் கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல. போ. கண்ணாடியைப் பார்த்து ஓட்டு."

வேன் பின்தங்கியதும் அண்ணியிடம் சொன்னார். அந்தப் பையன் லைசென்ஸ் டெஸ்டில் மூன்று தடவை தோற்றவன். ஒவ்வொரு தடவையும் பாதியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விடுவான். பாதியில் இறங்குகிறவன் வண்டியையே தொடக் கூடாது என்று அவனை அவர் ஊர் பார்க்கத் திட்டியிருக்கிறார். இப்போது அவன் ஓட்டுகிற வண்டியில், பின்சீட்டில், அவரே ஏறி உட்காருவதா? போதாததற்கு, இப்போது கற்றுக்கொள்கிற எட்டுப் பேரும் முடிவுக்கோட்டில் காத்திருக்கிறார்களாம். அவரே வரச் சொன்னாராம்.

"ஏன் மாஸ்டர் வரச் சொன்னீங்க?"

"அப்போ நான் ஓடிப் பார்க்கலையே."

அண்ணி சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்து, சிரித்துக்கொண்டே ஓட முடியாது என்று இருவரும் சற்று நடந்தார்கள். இடைவெளி விஷயத்தை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

மைதானத்துக்குப் போகிற கடைசித் திருப்பத்தில் ஒரு நாற்சந்தி. அங்கேதான் அது நடந்தது. மாஸ்டர் ஒரு அடி வைத்தவர் மறு அடி வைக்காமல் காலைப் பிடித்துக்கொண்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கல்லாக இறுகிப்போன சதை தோலுக்கடியில் துடிப்பது வெளியே தெரிந்தது. கையில் இருந்த நேரத்தில் அதிகம் மிச்சம் இல்லை. வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்கிப் பக்கவாட்டுக் கதவை இழுத்துத் திறந்தான்.

மாஸ்டர் அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஏறிக்கலாம்மா. ஆனா நான் தனியா ஏறினா நல்லா இருக்காது. நீங்களும் வாங்க. உங்களுக்குத் தலை சுத்தல், நான் துணைக்கு வந்தேன்னு சொல்லிக்கறேன்."

அதே நேரத்தில் அண்ணியின் மனதிலும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டருக்குக் கால் இழுத்துக்கொண்டது, பாவம், தனியாக எப்படி அனுப்புவது, நான் துணைக்குப் போனேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல காரணம் அவளுக்குக் கிடைத்ததே இல்லை. கணுக்கால், மெஷின், கழிப்பறை வரிசை எல்லாம் இதற்கு முன்னால் தூசு. குட்டிகூட இதை மறுத்துப் பேச முடியாது. கடைசி வரை வந்தாள், கடமைக்காக வேனில் ஏறினாள் என்று பாராட்டத்தான் செய்வாள். தூரத்தில் மைதானத்து மைக் லேசாகக் கேட்டது. அண்ணியின் வலது கால் வேனின் படியில் ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

நாற்சந்தியில் நின்ற போக்குவரத்துக் காவலர் காலையிலிருந்து வெயிலில் நிற்கிறவர். நான்கு பக்கமும் ஹாரன் சத்தம் அவரைக் குடைந்துகொண்டிருந்தது. பச்சைச் சட்டை வேனுக்குப் பக்கத்தில் நிற்பதைக் கண்டு கிட்டத்தில் வந்தார்.

"ஏம்மா, வால் போயாச்சா? ரோட்டைத் திறந்துடலாமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணி அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால், தடுப்புகளுக்கு நடுவே, அவர்களுக்காக மட்டும் காலியாக விட்டிருந்த சாலையைப் பார்த்தாள்.

"இல்ல சார்," என்றாள். "இன்னும் போகல."

காலைப் படியிலிருந்து எடுத்தாள். மாஸ்டருக்கு முன்னால் சாலையிலேயே உட்கார்ந்து, அவர் ஷூவின் நுனியைப் பிடித்து முழங்காலை நோக்கி வளைத்தாள். மாஸ்டர் அலறினார். நனைந்த போர்வைகளைப் பிழிந்து பழகிய கை, அதற்கெல்லாம் விடவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் கெண்டைச் சதையை மேலிருந்து கீழாக நீவினாள். நீவிக்கொண்டே பேசினாள். அவர் வேனில் ஏறலாம், தப்பில்லை. அப்படி ஏறினால் அவருக்கு முன்னால் போகிறவர்தான் கடைசி ஆள் ஆவார். அவர் வெகு தூரம் போயிருப்பார். அவரைப் பிடிக்க இவள் தலைதெறிக்க ஓட வேண்டும். ஓடுவாள். ஓடத் தெரியும்.

"ஆனா காலையிலிருந்து உங்க பின்னாடியே வந்துட்டேன் மாஸ்டர். வேற ஒருத்தர் பின்னாடி போக மனசு வரல."

மாஸ்டர் காலை நீட்டினார். மடக்கினார். டிரைவர் பக்கம் திரும்பாமலேயே, கதவைச் சாத்துடா என்றார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தப் பையன் சிரித்தானா என்று இருவருமே பார்க்கவில்லை.

மீதித் தூரத்தை ஓட்டம் என்று சொல்ல முடியாது. நடை என்றும் சொல்ல முடியாது. மாஸ்டர் ஒரு காலை ஊன்றி, மறு காலை இழுத்து, கியர் விழாத வண்டி மாதிரி குதித்துக் குதித்துப் போனார். அண்ணி பின்னால் குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள். கம்பம் வரைக்கும். சரி, இப்போது அந்த மரம் வரைக்கும். மைதானத்தின் வாசலில் நுழைந்தபோது கடிகாரம் கடைசி நிமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கயிற்றுக்கு அந்தப்பக்கம் எட்டு மாணவர்களும் வரிசையாக நின்று, மாஸ்டர், மாஸ்டர் என்று கத்தினார்கள். குட்டி கடிகாரத்தையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தபடி கோட்டுக்கு மேலேயே நின்றாள்.

கோட்டுக்கு ஒரு அடி முன்னால் மாஸ்டர் நின்றுவிட்டார்.

"நீங்க முதல்ல போங்கம்மா."

"என்ன மாஸ்டர் இது? போங்க."

"இல்ல. நீங்கதான் என்னை இங்க கொண்டாந்து சேர்த்தீங்க. உங்களை விட்டுட்டு நான் முன்னாடி போனா மரியாதையா இருக்காது."

"நான் வால் மாஸ்டர். நான் முன்னாடி போகக் கூடாது."

"அதெல்லாம் ரோட்டுல. இங்க நீங்க போங்க."

மாஸ்டர் ஓரமாக ஒதுங்கி, இடுப்பை வளைத்து, இரண்டு கையாலும் வழி காட்டினார். அண்ணி அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவர் சுற்றிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்தார். அவள் மறுபடி சுற்றினாள். விருந்துக்கு வந்தவர்கள் வாசலில் நின்று நீங்கள் போங்கள், நீங்கள் போங்கள் என்று உபசரித்துக்கொள்வது போல, மூன்றரை மணி நேரம் ஓடி வந்த இரண்டு பேர் முடிவுக்கோட்டில் நின்று ஒருவரையொருவர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மைக் பிடித்திருந்தவர் அதைத் தட்டிப் பார்த்தார். குட்டிக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

"ரெண்டு பேரும், நான் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளற மாதிரி வெச்சுக்காதீங்க. நேரம் போகுது."

தள்ளுவது என்றதும் அண்ணிக்கு வழி கிடைத்துவிட்டது. துணி மூட்டை நிரம்பிய தள்ளுவண்டியை ஒரே உந்தில் லிஃப்டுக்குள் ஏற்றுகிற பெண் அவள். மாஸ்டரின் அகலமான முதுகில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். அவர் கோட்டைத் தாண்டிப் போய்த் தன் மாணவர்கள்மேல் விழுந்தார். அடுத்த அடியில் அண்ணி தாண்டினாள்.

கடிகாரத்தில் இன்னும் ஒரு சில நொடி பாக்கி இருந்தது. கோடு புத்தம் புதிதாக, வெள்ளையாக இருந்தது. அண்ணி கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. அதைச் சரிபார்ப்பது அவள் வேலை, எனவே இரண்டு முறை பார்த்தாள்.

குட்டி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். அழக்கூடாது என்று இருவரும் பொதுவாக முடிவு செய்த மாதிரி, வேறு என்னென்னவோ பேசினார்கள். சட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னாள் குட்டி. அண்ணி கழற்றினாள். ஆனால் அது குட்டியின் கைக்குப் போவதற்குள், புல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாஸ்டர் அதை வாங்கி நெஞ்சில் வைத்து அளவு பார்த்தார்.

"அடுத்த தடவைக்கு இதை எனக்குக் கொடுங்க. எப்படியும் நான் அங்கதான் இருப்பேன். சட்டையாவது இருக்கட்டும்."

குட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்சல் போய்ச் சேர வேண்டிய இடம் தெரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே அவர் பெயரை எழுதிக்கொண்டாள். பிறகு அண்ணியின் பக்கம் திரும்பி, மாஸ்டர் வாலாக வருகிற பந்தயத்தில் வேறு யாருமே கடைசியாக வர வழியில்லை, அப்படியானால் உங்களுக்கு எண் போட்டுவிடலாமா என்று கேட்டாள். அண்ணி பழம் உரித்துக்கொண்டிருந்தாள். போடு என்றாள்.

மறுநாள் காலை ஓட்டலின் அடித்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. சூப்பர்வைசர் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, முகத்தை மேல் பக்கம் வைத்து, பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். நெடுந்தூரம் ஓடிய மறுநாள் தொடை முன்பக்கமாக இறங்க விடாது. ஓடுகிறவர்களுக்கு இது தெரியும். தனியாக ஓடிவிட்டு வந்த திங்கட்கிழமைகளில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக இறங்குவாள். ஓடவே இல்லை என்று சொன்னவள் நொண்டினால் கேள்வி வருமே.

இன்று அவள் எதையும் மறைக்கவில்லை. உருளை மெஷின்காரி ஓடி வந்து, என்ன அக்கா, விழுந்துட்டீங்களா என்று கேட்டாள்.

"இல்ல. ஓடினேன்," என்றாள் அண்ணி.

மடிக்கிற இடத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இன்னும் நாலு படி பாக்கி இருந்தது. அவசரமில்லாமல், ஒவ்வொன்றிலும் ஒரு முறை முனகிக்கொண்டு, அவள் இறங்கி வந்தாள்.